தோற்பதற்கு ஒரு பிரேக்

முருகனாணை, இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டியிருந்தால் என்னுடைய லைசென்சை நாளைக்கே பிடுங்கிக்கொண்டு போகட்டும்.

டூங்கபியில் கராஜ் வைத்திருக்கிற அருந்தவனுக்கு அன்றைக்குத் தலை வெடிக்காத குறை. கியர்பொக்ஸ் வேலையில் அவனை மிஞ்ச சிட்னியில் ஆளில்லை. றேஸ் ஓடுகிறவர்கள் மெல்பேர்னிலிருந்துகூடக் காரை ஏற்றிக்கொண்டு வருவார்கள். வந்து அரை மணித்தியாலத்தில் வேலையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்தச் சிறிதரன் அங்கிள் மட்டும் மூன்றாவது சனிக்கிழமையாக வந்து, ஒரு ட்ரான்ஸ்பிரேக்கைத் தெரிவுசெய்ய முடியாமல் கதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாமான் இவ்வளவுதான். பொத்தானை அமத்தினால் கியர்பொக்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் கத்தும், கார் அசையாது. பச்சை லைற்றைக் கண்டு பெருவிரலை எடுத்தால் பூட்டு விடும், கார் பறக்கும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எது கெதியாய் விடும்?

அருந்தவன் மூன்றை மேசையில் பரப்பித் தொண்டை வறள விளக்கம் சொன்னான். இது கண் இமைக்க முதல் விடும். இது அதிலும் பாதி. இந்த மூன்றாவதை ஒருத்தருக்குப் பூட்டிக்கொடுத்தபோது, கார் போய்விட்டது. அவருடைய கறுப்புக் கண்ணாடி மட்டும் புறப்பட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது.

சிறிதரன் வெண்டிக்காய் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைவிட மெதுவாய் விடுறது ஒண்டும் இல்லையோ, தம்பி?"

"மெதுவாய்ப் போறதெண்டால் பஸ்ஸில போகலாமே அங்கிள்."

சிறிதரன் சிரிக்கவில்லை. அருந்தவனுக்கும் அது பகிடியில்லை. அவருடைய பழைய பால்கன் காரின் கதவில் இவனுடைய கராஜின் பெயர் சாண் உயர எழுத்தில் ஒட்டியிருந்தது. ஒன்பது வருசமாக அந்தக் கார் ஈஸ்டேர்ன் கிறீக் றேஸ் திடலில் அவருடைய கூட்டாளி ஆரூரனின் கொமடோர் காரை வென்று வருகிறது. அதைப் பார்த்துத்தான் சனம் இவனிடம் வருகிறது. அந்தப் பெயர் பச்சை லைற்றுக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நின்றால், திங்கட்கிழமை இந்தப் படியை யார் மிதிப்பார்கள்? தன்மையாகச் சொன்னான், கோபமாகச் சொன்னான், கடைசியில் கையெடுத்தும் கும்பிட்டான்.

அதற்குப் பிறகுதான் மனுசன் வாயைத் திறந்தார். வருகிற மாதம் மகள் சயந்தினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அந்த ஆரூரனின் மகன். பிள்ளை போய் வாழப்போகிற வீட்டுக்காரரை ஊர்ச் சனத்துக்கு முன்னால் தோற்கடித்துப்போட்டு வீட்டுப் பக்கம் வரவேண்டாமென்று அவருடைய மனுசி யோகா அன்ரி கட்டளை போட்டிருக்கிறா.

"அப்ப பச்சை எரிய முதலே விரலை எடுங்கோ. பிழையெண்டு வெளியில போடுவாங்கள்."

"சம்பந்தியாருக்கு விளங்கிப்போகும். நான் ஒருநாளும் முந்தி எடுத்ததில்லை."

"பிந்தி எடுங்கோ."

சிறிதரன் வலது பெருவிரலைத் தூக்கி, அதன்மேல் முறைப்பாடு வைப்பவர்போலக் காட்டினார். "பச்சையைக் கண்டால் இது என்ர சொல்லுக் கேளாது, தம்பி."

பூட்டு விடுவதைப் பிந்த வைக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதைப் பூட்டலாமென்றான் அருந்தவன். அதுவும் சரிவராதாம். ஒவ்வொரு முறையும் ஓட முதல் ஆரூரன் இவருடைய காருக்குள் தலையை விட்டு எல்லாவற்றையும் ஆராய்வாராம்.

அருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு மூலையைக் கிளறினான். யாரோ கழற்றி எறிந்த, கொட்டாவி விட்டுவிட்டுத்தான் பூட்டை விடுகிற ஒரு பழசு கிடைத்தது. அதைத் துடைத்து, வெளியில் தெரியாமல் கியர்பொக்ஸுக்குள்ளேயே பூட்டினான். கதவில் இருந்த தன் கராஜின் பெயரைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கண்மட்டும் இழுத்துவிட்டு வேலியோரம் நின்றான். பச்சை எரிந்தது. பழசு சொன்ன வாக்குத் தவறாமல் கொட்டாவி விட்டது. அருந்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்து பார்த்தால் பால்கன் பாதித் தூரம் போய்விட்டது. கொமடோர் நின்ற இடத்திலேயே நின்று குழறிக்கொண்டிருந்தது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பால்கன் முடிவைத் தொடுகிற நேரத்தில்தான் கொமடோர் வெளிக்கிட்டது.

மூன்று கிழமைப் பாடு மண்ணாய்ப் போனது. அருந்தவன் நேரே ஆரூரனிடம் போய், உங்கட ட்ரான்ஸ்பிரேக் பொத்தான் இறுகிப்போச்சோ, எந்த விசரன் இதைப் பூட்டினவன் என்று பிடித்துக்கொண்டான்.

ஆரூரன் பெருவிரலைத் தடவிவிட்டார். "ஒண்டும் இறுகேல்லை. அவன் போகுமட்டும் நான்தான் விரலை எடுக்கேல்லை."

சம்பந்தம் பேசின நாளிலிருந்து சிறிதரன் பழுதாகிப்போனான் என்றார். வீட்டுக்குப் போனால் கதிரையை விட்டு எழும்புகிறானாம். 'வாங்கோ சம்பந்தியார்' என்கிறானாம். காட்ஸ் விளையாடினால் வேண்டுமென்று தோற்கிறானாம். மீன் தலைக்குச் சண்டை பிடித்தவன், இப்போது அதை இவருடைய சோற்றுக் கோப்பைக்குத் தள்ளிவிடுகிறானாம்.

"இதிலயும் விட்டுக்குடுத்தானெண்டால், சாகுமட்டும் எனக்கு மரியாதைதான் மிஞ்சும் தம்பி. கூட்டாளி மிஞ்சான்."

அதற்குள் சிறிதரன் முகம் சிவக்க ஓடி வந்தார். "டேய் ஆரூரா, உனக்கென்ன கண் பொட்டையோடா? அவ்வளவு பெரிய லைற் எரிஞ்சது தெரியேல்லையோடா?"

ஆரூரன் அருந்தவனின் காதுக்குள் குனிந்தார்.

"ஆறு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் என்னை ஒழுங்காய்க் கூப்பிடுறான்."

சிறிதரனுக்கு இன்றுவரை இது தெரியாது. கல்யாண வீட்டில் கண்டால் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். அப்படித்தான் கேட்டாலும், உங்களுக்கு யார் சொன்னதென்று மட்டும் மூச்சு விடக்கூடாது.