பாறுகளை விரட்டியவன்

அவன் எறிந்த கல் பறவையின் இறக்கையில் பட்டது.

பட வேண்டும் என்று எறியவில்லை. பயந்து ஓடினால் போதும். அது பயப்படவில்லை. இரண்டு எட்டு தத்திப் பின்வாங்கி, கழுத்தைச் சாய்த்து அவனைப் பார்த்தது. நீயா என்பது போல.

பாறு. ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள், பாறு என்று சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் காடு நாறிப்போகும் என்று ஊர் ஊராகப் போய்க் கெஞ்சுவதற்கு அரசு சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் அவன்தான்.

அதே ஆள் இப்போது கல்லெறிந்துகொண்டிருந்தான்.

நடுவில் மாடு கிடந்தது. அவனுடைய மாடு. முந்தாநாள் மேய்ச்சலில் புலி அடித்தது. காலையில் இந்தப் பக்கம் பாறுகள் வட்டமிடுவதைத் தூரத்திலிருந்து கண்டபோது, மாடு போன துக்கத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது. இதுகளுக்காவது ஆயிற்றே என்று ஓடிவந்தான்.

கிட்டே வந்து பார்த்தால், கிழிந்த தொடையைச் சுற்றி ஈக்கள் செத்துக் கிடந்தன. சதைக்குள் ஊதா நிறத்தில் குருணை மருந்து.

வாழைக்குப் போட அவன் வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்து. மாட்டில் வைத்தது யார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் மனைவி பொம்மி இரண்டு நாளாக அடுப்பே பற்றவைக்கவில்லை. கன்றாக வந்ததிலிருந்து தன் கையால் கஞ்சி வைத்து வளர்த்தவள். அவள் கோபம் புலிமேல்.

புலி வரவில்லை. பாறுகள் வந்துவிட்டன.

முன்பெல்லாம் இந்தக் காட்டில் ஒரு மாடு செத்தால் மரம் கொள்ளாமல் பாறுகள் வந்து உட்காருமாம். பிறகு மாட்டுக்கு வலி தீர ஓர் ஊசி வந்தது. மாட்டுக்கு வலி தீர்ந்தது. ஊசி போட்ட மாட்டைத் தின்ற பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஏனென்று கண்டுபிடிப்பதற்குள் வானம் காலி.

அப்புறம் ஊசிக்குத் தடை வந்தது. குழு வந்தது. பச்சை எழுத்தில் பலகை வந்தது. அவனுக்கு வேலை வந்தது.

எல்லாம் வந்த பிறகும், மாயாற்றங்கரையில் அவன் காவல் பார்க்கும் பகுதி முழுக்க இந்த வருஷம் தங்கிய குஞ்சு ஒன்றே ஒன்று. நீர்மத்தி மரத்து உச்சிக் கூட்டில், இன்னும் சரியாக இறகு முளைக்காத குஞ்சு. தினமும் அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு டீ இறங்கும். பெற்ற பிள்ளையைக்கூட நீ இப்படிப் பார்த்ததில்லை என்று பொம்மி குத்திக்காட்டுவாள்.

மேலே சுற்றியவை ஒவ்வொன்றாக இறங்கின.

எறிந்தான். கத்தினான். சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். இந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் இறங்கின.

குழி தோண்டலாம். மாசி வெயிலில் தரை இறுகிக் கிடந்தது. கையில் இருந்தது கத்தி மட்டும்.

தீ வைக்கலாம். மாட்டோடு காடும் எரியும்.

முள் வெட்டிப் போர்த்தலாம். முட்புதர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. போய்த் திரும்புவதற்குள் எலும்புதான் மிஞ்சும்.

ஆபீசுக்குச் சொல்ல இங்கே சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் என்னவென்று சொல்வான். மருந்து வைத்தவளைச் சும்மா விடுவார்களா.

ஆகவே எறிந்தான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே எறிந்தான்.

உச்சி வெயிலில் பொம்மி வந்தாள். புலி செத்ததா என்று பார்க்க வந்தவள். கையும் கல்லுமாக நிற்கும் புருஷனைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு பேர் ஆனதும் அவனுக்கு உயிர் வந்தது. ஒருவர் விரட்டினால் ஒருவர் முள் வெட்டலாம். கத்தியை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து கொம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“புலி தின்னு சாவட்டும்னுதான் வெச்சேன். இதுக நெனப்பு எனக்கு வரலயே.”

காலையிலிருந்து அவளுக்கென்று வசவாகச் சேர்த்து வைத்திருந்தான். போய் அவள் தோளைத் தொட்டு எழுப்பினான். அவள் அவன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள்.

கொஞ்ச நேரம்தான்.

திரும்பியபோது, மாட்டின் அந்தப் பக்கம் ஒரு பாறு தலையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. ஓடினான். அது அவசரப்படாமல் விழுங்கி முடித்தது. நாலு எட்டு ஓடி, இறக்கையைக் கனமாக அடித்து மேலே எழும்பியது. கழுத்துக்குக் கீழே தின்றது உருண்டு தெரிந்தது.

அந்தப் பறவையை அவனுக்குத் தெரியும். நீர்மத்திக் கூட்டின் தாய்.

ஆற்றுப் பக்கம் திரும்பியது.

பொம்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி ஓடைக்கு ஓடினாள். மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

அவன் அந்த ஒன்றையே பார்த்து நின்றான். குஞ்சு இந்நேரம் கழுத்தை நீட்டிக் காத்திருக்கும். தாய் போய், தின்றதைக் கக்கி அதன் வாயில் வைக்கும். தகப்பன் பறவை ஒன்று இருக்கிறது. தாய் இல்லாவிட்டாலும் அது ஊட்டி வளர்த்துவிடும். இது மட்டும் கூட்டுக்குப் போய்ச் சேரக் கூடாது.

ஒரு பாறு சாக வேண்டும் என்று வாழ்நாளில் முதல் தடவையாகச் சாமியைக் கும்பிட்டான்.

விழுந்துவிடு தாயே. இங்கேயே விழுந்துவிடு.

அது நன்றாகப் பறந்தது.