பக்கத்து இருக்கையின் எடை

மூன்றாவது வளைவில் கார் லேசாக ஆடியது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த மச்சான் வளைவைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு சுற்று போகச் சொன்னார். அதிலும் ஆடியது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இந்தக் காரின் தலைமைப் பொறியாளரும் அவர்தான். ஏழு வருடமாகச் சோறு தூக்கம் பாராமல் செய்த கார். இரண்டே பேர் உட்காரலாம். விலையைக் கேட்டவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்த வேண்டும், அப்படி ஒரு விலை.

பத்து மணிக்கு அறிமுக விழா. பத்திரிகைக்காரர்களை ஒவ்வொருவராகப் பக்கத்தில் ஏற்றி இதே பாதையில் சுற்றிக்காட்டப் போகிறார்கள். இப்போது மணி ஆறு. தூரத்தில் மேடைக்கு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

இந்தக் காரை மச்சான் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். இருந்திருந்து இன்றைக்குத்தானா அவருக்கு அந்த ஆசை வர வேண்டும்?

அது எப்போதும் மணல் பையின் இடம். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதுபோல் எழுபத்தைந்து கிலோ மணலை வைத்துத்தான் சோதனை ஓட்டம் ஓட்ட வேண்டும் என்பது விதி. பையை நிரப்பி, நிறுத்து, தூக்கிவைத்து ஓட்டுவது இந்த மாப்பிள்ளையின் வேலை. கம்பெனியில் எல்லோருக்கும் இவர் மணல்காரர்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மணல்காரர் பைக்கு பெல்ட் போடுகிற அழகைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். முறுக்கில்லாமல் இழுத்து, மேலே எங்காவது உரசுகிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பார். பிரேக் போட்டால் ஒரு கை தானாகப் போய்ப் பையைப் பிடித்துக்கொள்ளும். ஏன், மணலுக்கு மண்டை உடைந்துவிடுமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் பை இல்லாமல் ஒரு சுற்றுகூடப் போகமாட்டார். காலி இருக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட அவருக்குப் பயம்.

இன்று மச்சானுக்காகப் பையை இறக்கி, தரையில் போட மனம் வராமல் சுவரில் சாய்த்து வைத்தார். மச்சான் இருக்கையில் தொப்பென்று விழுந்தபோது, பார்த்து உட்காருங்கள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது.

கொட்டகைக்குள் வண்டி நின்றதும் மச்சான் நேராகப் போய் எடைக் கோப்பை எடுத்தார். மணல்காரர் பின்னாலேயே போனார்.

கோப்பில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் வம்பே. எத்தனை கிலோ வைத்தாரோ அத்தனையும் எழுதியிருந்தார். எல்லோரும் கீழே கையெழுத்துப் போட்டார்களே தவிர, மேலே என்ன இருக்கிறதென்று ஒருவரும் படிக்கவில்லை. மச்சானையும் சேர்த்துத்தான்.

முதல் வருடத் தாள்களில் முப்பத்தைந்து கிலோ.

மச்சானுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. காரின் கம்ப்யூட்டர் இந்த எடையை நம்பித்தான் வளைவுக்கு வளைவு ஸ்பிரிங்கை இறுக்குகிறது, தளர்த்துகிறது. பாதி எடையை வைத்து ஓட்டினால் வண்டி ஆடாமல் என்ன செய்யும்? தூக்க முடியாவிட்டால் துணைக்கு ஆள் கேட்டிருக்கலாமே, சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவில்லையா, தங்கை புருஷனாயிற்றே என்று நம்பியது என் தப்பு என்று பொரிந்து தள்ளினார்.

மணல்காரர் தலை குனிந்து நின்றார். வேலை போவதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. இனிமேல் எழுபத்தைந்து வைக்கச் சொல்வார்களே என்பதுதான் அவரை உலுக்கியது.

திட்டிக்கொண்டே தாளைப் புரட்டிய மச்சானின் குரல் மெல்ல இறங்கியது. அடுத்த வருடம் நாற்பது. அதற்கடுத்து நாற்பத்துநான்கு. பிறகு நாற்பத்தெட்டு. ஒவ்வொரு வருடமும் எடை மாறியது ஒரே தேதியில்.

அந்தத் தேதி தாய்மாமனுக்குத் தெரியாமல் இருக்குமா?

இந்தக் காரின் முதல் படத்தை அவர் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் வரைந்தார். தங்கை மகள், பத்து வயதுக்காரி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இரண்டே சீட்டா, அப்படியானால் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு, அம்மா பஸ்ஸில் வரட்டும் என்றாள். மாமனும் சிரித்துக்கொண்டே கையில் அடித்துக் கொடுத்தார்.

முதல் வண்டி சோதனைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு அவள் போய்விட்டாள். வெறும் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஒவ்வொரு வருடமும் அவள் பிறந்தநாளன்று மணல்காரர் முதல் ஆளாக வேலைக்கு வருவார். பையைப் பிரித்து, கைப்பிடி கைப்பிடியாக மணல் சேர்ப்பார். போன வருடத்தைவிடக் கனம் கூடியிருப்பது தூக்கும்போது தெரியும். சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கே பயமாகவும் இருக்கும்.

தங்கைக்குத் தெரியுமா என்று மச்சான் கேட்டார். மணல்காரர் இல்லையென்று தலையாட்டினார்.

காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் எடையை மாற்றியாக வேண்டும். மாற்றிச் சரிபார்க்க நேரம் இருந்தது. மச்சான் மடிக்கணினியைத் திறந்தார். ஐம்பது என்றிருந்த கட்டத்தில் கை வைக்க அவராலும் முடியவில்லை. கடைசியில் மணல்காரர்தான் அழித்தார். ஏழு, ஐந்து என்று ஒற்றை விரலால் அடித்தார். அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் கோப்பின் கடைசித் தாள்களை அவர் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு வருஷமா அம்பதுலயே நிக்குதே மாப்ள, ஏன் ஏத்தல?"

"பதினஞ்சுக்கு மேல பொண்ணுங்க அவ்வளவா எடை கூட மாட்டாங்களாம், மச்சான். அவளப் பாத்த டாக்டர்கிட்டதான் போய்க் கேட்டேன். எதுக்குன்னு அவர் கேக்கல."