ஐந்து பேருக்கு ஓர் அறை

நாளைக்குக் குடும்பத்தோடு தங்க இடம் கேட்டு, பலாபத்வலையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள் பிலோமினா. சீகிரியாவில் பயணிகள் தங்கும் வாடிவீட்டின் பொறுப்பாளர் ஹனீபா சிரித்தார்.

"அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சின்னு அஞ்சு பேரு. எல்லாருக்கும் தலை நரைக்கிற வயசு. மூணு ரூம் சும்மா கெடக்கு. ஒரே ரூம்ல எதுக்கு நசுங்குறீங்க தங்கச்சி?"

"ஒண்ணு போதும் நானா," என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். "வரிசையாப் பாய் விரிச்சுப் படுத்துக்குவோம். தோட்டத்து லயத்துல, ஒத்தை ரூம் காம்பராவுல அப்படித்தானே வளந்தோம்."

"யாராச்சும் குறட்டை விட்டா?"

"பெரியண்ணன் விடுவாரு. விடட்டும், கேட்டுக்கிட்டே கெடப்போம்."

ஹனீபா பதிவுப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். ஐந்து பெயர்களையும் எழுதியவள், 'எந்த நாட்டவர்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூன்று பெயர்களுக்கு இந்தியா என்றும், இரண்டு பெயர்களுக்கு இலங்கை என்றும் எழுதினாள்.

"என்ன இது? ஒரே வயித்துப் புள்ளைங்கன்னு சொன்னீங்க!"

"தோட்டத்து ஆளுங்க ரெண்டு நாட்டுல ஒண்ணுக்குப் பிரஜாவுரிமை மனுப் போடணும்னப்ப அப்பாதான் யோசனை சொன்னாரு. மூணு பேரு இந்தியாவுக்குப் போடுங்க, ரெண்டு பேரு இங்க போடுங்க. ஒரு பக்கம் இல்லேன்னாலும் ஒரு பக்கம் கெடைக்கும், கெடைச்ச பக்கம் எல்லாரும் சேந்துக்கலாம்னு."

"கெடைச்சுதா?"

"ரெண்டு பக்கமும் கெடைச்சிருச்சு நானா. வர்ற வெள்ளிக்கிழமை அந்த மூணு பேருக்கும் தலைமன்னார்ல இந்தியாவுக்குக் கப்பல்."

ஹனீபா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஐந்து பெயர்களையும் பார்த்தார்.

"நீங்க எந்தப் பக்கம், தங்கச்சி?"

"நானும் தம்பியும் இங்கதான். குறட்டை விடுறவரு போறாரு."