மகேஸ்வரன் செய்யாத சத்தியம்

“இந்தச் சூடத்த அணைச்சி, ‘நான் காட்டிக் கொடுக்கல’ன்னு ஒரு வார்த்த சொல்லு. விட்டுர்றேன்,” என்றார் பக்கிரிசாமி.

மகேஸ்வரன் கையை நீட்டவில்லை. பூக்கூடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தட்டில் எரிந்த சூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அன்று இவர்கள் உபயம். வருஷா வருஷம் ரெண்டு வீடும் சேர்ந்துதான் பூஜையும் சாப்பாடும் ஏற்றுக்கொள்ளும். இந்த வருஷம் பக்கிரிசாமி கமிட்டியிடம் போய், கூட்டாளி பேரை எடுக்கச் சொல்லிவிட்டார். அதையும் பொறுத்துக்கொண்டு அந்த மனுஷன் பூவோடு வந்தால், கோயில் என்றுகூடப் பார்க்காமல் வாசலில் மறித்து இப்படி ஒரு பஞ்சாயத்து.

பக்கிரிசாமியின் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேயிலைக்குப் பின்னால், ஓடையோரம், பெர்மிட் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் தக்காளி போட்டிருந்தார். போன மாதம் அரசாங்க ஆட்கள் புல்டோசரோடு வந்து, காய்த்துத் தொங்கியதை எல்லாம் பிளாஸ்டிக் கூரையோடு சேர்த்து மண்ணில் அமுக்கிவிட்டுப் போனார்கள். மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியவே தெரியாது. பழைய கொழுந்துக் கொட்டகைக்குப் பின்னால் வளைந்து போகும் ஒரு பாதைதான் வழி. அது தெரிந்தது பக்கிரிசாமி வீட்டுக்கும், காய் ஏற்ற லோரி கொண்டுவரும் மகேஸ்வரனுக்கும் மட்டும்தான்.

போனது வெறும் தக்காளி இல்லை. மகள் வசுமதியின் மேல்படிப்பு. அரசாங்கம் எப்படித் திட்டம் போடணும், சட்டம் போடணும் என்று சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர்ஸ் படிப்பு. பொதுக் கொள்கை என்று பேர். ஆஸ்திரேலியாவில் ஒரு யூனிவர்சிட்டி பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து இடம் கொடுத்திருந்தது. மீதியைத் தக்காளி கட்டும் என்று பக்கிரிசாமி கியா பார்ம் சந்தைக் கடைக்காரர்களிடம் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

“எம்புள்ள ஏரோப்ளேன் ஏற வேண்டியது. இப்ப கோலாலம்பூருக்கு பஸ்ஸு ஏறப் போவுது,” என்றார், கூடியிருந்தவர்களைப் பார்த்து. “நல்லவேள, அங்க படிக்க ஒரு பவுண்டேஷன் முழுச் செலவும் ஏத்துக்கிச்சி. புல்டோசர் வர்றதுக்கு முன்னாடியே இண்டர்வியூ போயிட்டு வந்துட்டா. ‘உங்க ஊரு பிரச்சின ஒன்ன எடுத்துப் பேசு’ன்னாங்களாம். இவ பேசி முடிச்சதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அரசாங்கத்துப் பெரிய ஆபிசருங்க எல்லாம் அசந்துட்டாங்களாம். அது மட்டும் கெடைக்கலன்னா, இந்தப் பாவி எம்புள்ள படிப்பையே முடிச்சிருப்பான் லா.”

“அப்பா, போதும்பா,” என்றாள் வசுமதி. விபூதித் தட்டோடு அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“நீ சும்மா இரு. ஒனக்காகத்தான் பேசறேன்.”

மகேஸ்வரன் மெதுவாகச் சொன்னார். “மச்சான், நான் இல்ல. எத்தன தடவ சொல்றது?”

“இல்லன்னா அணைக்க வேண்டியதுதான? புல்டோசர் வந்த அன்னிக்கி அந்த ஆபிசர்கிட்ட தனியா நின்னு பேசுனது நீதான?”

“பேசுனேன். யாரு சொல்லி வந்தீங்கன்னு கேட்டேன்.”

“யாராம்?”

மகேஸ்வரன் குனிந்து கூடையில் இருந்த பூவைச் சரிசெய்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட ஆளை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் அவரையும் பார்த்தது.

“வாய்ல வருதா பாருங்க,” என்றார் பக்கிரிசாமி. “ஒரே லயத்துல, அடுத்தடுத்த வீட்டுல பொறந்தோம். எங்கப்பன் செத்தப்ப முன்னால நின்னு தோள் கொடுத்தவன் இவன். வேற எவன் செஞ்சிருந்தாலும் தாங்கிக்குவேன். நீ செய்யலாமாடா?”

“மச்சான், சத்தியம் வேணாம். நான் இல்லன்னு ஆனா, அடுத்தது யாருன்னு தேடுவ. பழி என் மேலயே இருந்துட்டுப் போவட்டும்.”

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? சாமி முன்னால பொய் சொல்லப் பயம்!” பக்கிரிசாமி பூசாரி பக்கம் திரும்பினார். “சாமி, இனிமே இவன் வீட்டுக்கு நீங்க விபூதி கொடுத்தா, என் வீட்டுக்கு வேணாம்.”

பூசாரி பாவம், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். மகேஸ்வரன் பூக்கூடையைக் கோயில் படியில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருக்கு வழி விடுகிற சாக்கில் எல்லாரும் ரெண்டு அடி தள்ளி நின்றார்கள். கூட ஒருத்தரும் போகவில்லை.

“மாமா, நில்லுங்க,” என்றாள் வசுமதி.

விபூதித் தட்டைக் கீழே வைத்தாள். யாரும் தடுப்பதற்குள் எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சூடம் அணைந்தது.

“அய்யோ, கையக் காட்டும்மா.” பக்கிரிசாமி பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து ஊதினார். “ஒனக்கென்ன பைத்தியமா? அவன் செஞ்சதுக்கு நீ எதுக்கு சத்தியம் பண்ற?”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“இண்டர்வியூல நம்ம தக்காளி எடத்தையும் பாதையையும் சொன்னது நான்தாம்பா.”