வாட்ச் சொன்ன பட்டு

வாடிக்கையாளருக்குப் பிடித்த புடவையை அவர் கட்டியிருக்கும் வாட்ச்சே சொல்லிவிடுகிற காலம் இது. எதைப் பார்த்ததும் நாடி துள்ளுகிறதோ, அதற்கு உடனே பில் வந்துவிடும். பட்டுப் பிரிவில் இருபது வருடம் நின்ற எனக்கு, புடவை பிரிப்பதே மறந்துபோயிருந்தது.

நேற்று கல்யாணப் புடவை எடுக்க அம்மாவோடு தமயந்தி வந்தாள். முதலில் காட்டிய மாம்பழக் கலர் பட்டுக்கே அவள் வாட்ச்சில் பச்சை விளக்கு எரிந்தது.

“இதுதான் பிடிச்சிருக்குன்னு வாட்ச் சொல்லுதேம்மா” என்றேன்.

“அதுக்கு என்ன அவசரம்ணே? மத்ததையும் பிரிச்சுக் காட்டுங்க.” வாட்ச்சைக் கழற்றி அம்மாவின் பைக்குள் போட்டாள்.

பிரித்தேன். அம்மாவும் மகளும் தோளில் போட்டுப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். மூன்று மணி நேரத்தில் என் முன்னால் பட்டு மலையே எழும்பியது. கை வலித்தது, சந்தோஷமாக வலித்தது.

கடைசியில் தமயந்தி சொன்னாள்: “முதல்ல காட்டினீங்களே, அதையே குடுத்துடுங்கண்ணே.”