ஆர்ட்லோக் வம்சம்

"வெள்ளைக்காரன்ர பேரை வைச்சுக்கொண்டு தமிழன் எண்டு சொன்னா எவன் நம்புவான்? மேலை போய்க் கிழவனிட்டைக் கேள். இல்லாட்டி கொழும்பு பிளேனுக்கு இப்பவே பெட்டியைக் கட்டு."

தட்டுகளைக் கழுவியபடியே சவிரிமுத்து அண்ணை சொன்னார். சுவிஸ் நாட்டு ஓல்டன் நகரத்து முதியோர் இல்லத்தின் சமையலறை அது. 1985 நவம்பர். பக்கத்தில் நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த தயாநிதிக்குக் கை ஓடவில்லை.

அவனுடைய முழுப்பெயர் தயாநிதி ஆர்ட்லோக். மானிப்பாயில் பிறந்தவன். அகதி விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரிக்கு அந்தப் பெயர்தான் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. ஸ்கொட்லாந்துப் பெயர் யாழ்ப்பாணத்தில் எப்படி முளைத்தது, பாஸ்போர்ட் கள்ளப் பாஸ்போர்ட்டா என்று மூன்று மணி நேரம் துருவினார். ஞானஸ்நானப் பத்திரத்தை நீட்டினால், இதை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு சாட்சி வேண்டும். தவறினால் திருப்பி அனுப்புவார்கள். இன்று புதன்.

சாட்சி அவன் தலைக்கு மேலேயே இருந்தார். மூன்றாம் மாடி, பதினான்காம் அறை, எட்வின் ஆர்ட்லோக். வயது எண்பது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, சுவிஸ்காரியைக் கட்டி, இந்த நாட்டுக் குடிமகனாகி, மலைக்கு மலை பாலம் போட்டு ஓய்ந்த எஞ்சினியர். ஆர்ட்லோக் என்ற பெயரின் அறுநூறு வருடச் சரித்திரத்தைத் தலையணைத் தடிப்பில் ஒரு புத்தகமாக எழுதி வைத்திருந்தார். சூப் கொண்டுபோகிறவர்கள் யாரும் அதிலிருந்து தப்ப முடியாது. ஏரிக்கு மேலேயுள்ள மேடு என்பது பெயரின் அர்த்தம். அந்த மேட்டில் கோட்டை கட்டிய மூத்தவர், ஆடு திருடித் தூக்கில் தொங்கிய இளையவர் என்று கதை நீளும். கடைசியில் டண்டி நகரத்தில் சணல் ஆலை வைத்த ஜேம்ஸ் வருவார். ஜேம்சுக்குப் பிள்ளையில்லை. அந்தப் பக்கம் வந்ததும் கிழவர் புத்தகத்தை மூடிவிட்டு ஆறிப்போன சூப்பைக் குடிப்பார்.

நாலு மாதமாகத் தயாநிதியும் கேட்டுவந்தான். தன் பெயரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அவன் சட்டையில் 'தயா' என்றுதான் குத்தியிருந்தது.

"ஏன்ரா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார் சவிரிமுத்து அண்ணை.

"கோட்டை கட்டின பரம்பரை, அண்ணை. கோப்பை கழுவிறவனுக்கும் அதே பேர் எண்டா மனிசன் எரிஞ்சு விழாதோ?"

"விழுந்தா எழும்பட்டும். நீ போ."

போனான். சூப்பை வைத்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் தன் முழுப்பெயரையும் வெள்ளிக்கிழமைக் கெடுவையும் சொல்லி முடித்தான். கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் கல்லாகிவிட்டது. பிறகு கேள்விகள் தொடங்கின. அந்த அதிகாரியே எழுந்து வந்து இங்கே உட்கார்ந்த மாதிரி இருந்தது தயாநிதிக்கு.

ஒளிக்காமல் சொன்னான். அவனுடைய அப்பப்பா ஆறு வயதில் வாந்திபேதிக்குத் தாய் தகப்பனைக் கொடுத்தவர். மிஷன் விடுதிப் பள்ளிக்கூடம் எடுத்து வளர்த்தது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சீமையிலிருந்து ஒரு துரை ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவருடைய பெயரை வைத்துவிடுவார்கள். 1896ஆம் ஆண்டு கந்தையாவாக உள்ளே போன பிள்ளை ஆர்ட்லோக்காக வெளியே வந்தது. பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கியது. இரத்த உறவு எதுவும் கிடையாது.

"பணம் மட்டும்தான் அனுப்பினாரா?" என்றார் கிழவர்.

"ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் ஒரு சோடி கம்பளிச் சொக்ஸும் வருமாம், சேர். எங்கட வெக்கைக்கு அதை ஆர் போடுறது? மிஞ்சின ஒண்டை அம்மா சோத்துப்பானை இறக்கிறதுக்கு வைச்சிருந்தவ."

கிழவர் சிரிக்கவில்லை.

"என்ன நிறம்?"

"சாம்பல்."

"விளிம்பு?"

மாட்டிவிடுவதற்கென்றே கேட்கிறார் என்று பட்டது. தயாநிதி கண்ணை மூடினான். அடுப்புப் புகையும், ஆவி பறக்கும் பானையும், அம்மாவின் கையும் தெரிந்தன. கரி படிந்த அந்தக் கம்பளியின் ஓரமும் தெரிந்தது.

"சிவப்பு. ரெண்டு கோடு. ஒண்டு தடிப்பு, மற்றது மெல்லிசு."

கிழவர் தட்டச்சு மெஷினை இழுத்தார். ஜெர்மனில் ஒரு பக்கம் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஈரம் காய ஊதினார். அதில் ஒரு சொல்கூடத் தயாநிதிக்குப் புரியவில்லை.

"பெரிய உபகாரம், சேர். உங்கட வம்சத்துக்கு என்னாலை ஒரு குறையும் வராது."

"என் வம்சமா?"

கிழவர் மேசை லாச்சியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைக் காலுறை இருந்தது. சாம்பல் நிறம். விளிம்பில் இரண்டு சிவப்புக் கோடுகள்.

"டண்டி அநாதை விடுதி, 1911 கிறிஸ்மஸ். எனக்கு ஆறு வயது. அனுப்பியவர் ஜேம்ஸ்," என்றவர், கடிதத்தின் கடைசி வரியை அவனுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார்: "'விண்ணப்பகாரருக்கு இந்தப் பெயர் எப்படி வந்ததோ, அப்படியேதான் எனக்கும் வந்தது.'"