மிளகாய் சொல்லாத சொல்

வம்பை ஆரம்பித்தது மிளகாய் வற்றல்தான். போன தடவை மீன் மசாலாவுக்கு வறுத்தபோது, நிறம் கூடட்டும் என்று சட்டியிலேயே கிடந்து கருகியது அது. பொடி கசந்ததும், "எல்லாம் இந்த வெந்தயத்தால்தான்" என்று பழியைத் தூக்கிப் போட்டது. அன்று டப்பாவுக்குள் போன வெந்தயத்தை அப்புறம் யாரும் வெளியே எடுக்கவில்லை.

இன்று வஞ்சிரம் வந்திருக்கிறது. சட்டியும் சூடாகிவிட்டது.

"வாடா வெந்தயம்! நீ இல்லாமல் மீன்குழம்பு மணக்குமா?" என்று மல்லி கூப்பிட்டது.

"கருகியது தான்தான் என்று மிளகாயண்ணன் சொல்லட்டும், வருகிறேன்."

"பொடிப்பயலுக்கு ரோஷத்தைப் பார்!" என்று மிளகாய் சிரித்தது. "முதலில் குதி. அரைபட்டதும் சொல்கிறேன்."

அவ்வளவுதான், வெந்தயம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது! படபடவென்று பொரிந்து பொன்னாய்ச் சிவந்தது. மணம் தெருமுனை வரை போனது. பக்கத்தில் மிளகாய் மறுபடியும் கருகப் பார்த்தது.

"அண்ணே, போதும், இறங்கு!" என்று வெந்தயம் கத்தியது. மிளகாய் தப்பித்தது.

மிக்சி சுற்றி நின்றது.

"அரைத்தாயிற்று அண்ணே, சொல்."

"அவசரப்படாதே, குழம்பு கொதிக்கட்டும்."

குழம்பும் கொதித்தது. சாப்பிட்டவர்கள் விரலை நக்கிக்கொண்டு, மிளகாயின் நிறத்தைத்தான் மெச்சினார்கள். அந்த ஒரு சொல் மட்டும் இன்னும் வரவில்லை. வெந்தயம் விடுவதாகவும் இல்லை.